மூன்று மில்லிமீட்டர்

காலை ஏழு, மாலை ஏழு.
இருபத்து நான்கு எலிகளின் மூத்திரப்பையைக்
கட்டைவிரலால் அழுத்திக் காலிசெய்வது என் வேலை.
தண்டுவடம் நசுங்கிய உடம்புக்கு
நிறைந்துவிட்டது என்கிற செய்தி வந்து சேராது.
அதன் பொருட்டு நான் அறிந்துகொள்கிறேன்,
அடிவயிற்றில் ஒரு திராட்சை விறைத்திருப்பதை.

வெளியே மான்டிவிடியோவில் ஜூலை.
ஆறு என்றுதான் பெயர், அக்கரை தெரியாது,
அங்கிருந்து வரும் காற்று ஆளைச் சாய்க்கிறது.
அக்குளில் தெர்மாஸை இடுக்கியபடி
டாக்டர் இராயோலா மாடியேறி வருகிறார்.
மருந்தை ரத்தத்தில் விட்டால், என்கிறார்,
ஈரல் தன் பங்கை எடுக்கும்,
சிறுநீரகம் மிச்சத்தை வெளியே கொட்டும்,
காயத்தின் வாசலுக்கு வருவது
வழியில் சிந்தியது போக ஒரு சொட்டு.
அதனால் காயத்துக்குள்ளேயே குடிவைக்கிறோம்.
ஊசியில் நீராய் இருக்கும் ஜெல்
உடம்புச் சூடு பட்டதும் இறுகி
அந்தச் சிறு குழியை அடைத்துக்கொள்கிறது.
பிறகு அவசரமில்லை.
நான் மாத்தே குவளையை அவரிடம் நீட்டுகிறேன்:
ஒரே இலை, பத்து முறை வெந்நீர்,
ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கசப்பை விட்டுக்கொடுக்கும்.
அதேதான், மிர்த்தா, என்று உறிஞ்சுகிறார்.
மூன்று வாரம்.

கண்ணாடித் தகட்டில் பார்த்திருக்கிறேன்.
அறுந்த நரம்பிழை புறப்படத்தான் செய்கிறது.
தழும்பு வரைக்கும் வந்து
முட்டி, நுனி வீங்கி,
திரும்பவும் தெரியாமல் நிற்கிறது,
சாவி எந்தப் பையில் என்று மறந்தவனைப்போல.
தழும்பைக் குறை சொல்ல முடியாது.
அதுவும் காப்பாற்றத்தான் வந்தது.

போன மாதம் தக்குவாரெம்போவிலிருந்து
வில்மார் எச்செவெரியா வந்திருந்தான்.
பழகாத குதிரைகளின் மேல் ஏறி அடக்கியவன்.
ஒரு ஏப்ரலில் குதிரை அவன்மேல் விழுந்தது.
குதிரைமேல் தப்பில்லை, என்றான் முதலில்,
யாரும் கேட்காமலே.
சக்கர நாற்காலியைக் கூண்டுகளின் ஓரம் நிறுத்தி
எவ்வளவு தூரம் போகணும் இந்த நரம்பு, என்றான்.
எலியில் மூன்று மில்லிமீட்டர்.
இரு விரலுக்கிடையே அந்த இடைவெளியைப் பிடித்து
வெளிச்சத்துக்கு எதிரே வைத்துப் பார்த்தான்.
சேர்ந்துவிட்டால் நடப்பேனா?
தெரியாது. ஒருவேளை
மூத்திரம் முட்டுவது தெரியவரலாம், என்றேன்.
டாக்டர் என்னை முறைத்தார்.
வில்மார் சிரிக்கவில்லை.
நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை
குழாய் செருகிக்கொள்பவனின் கையைப் பார்த்தேன்.
அதைக் கொடுங்கள், என்றான்.
நடையை அப்புறம் பேசிக்கொள்வோம்.

எந்த எலிக்கு மருந்து, எதற்கு வெறும் ஜெல்,
எனக்குச் சொல்லமாட்டார்கள்.
பட்டியல் ஓர் உறைக்குள், உறை ஒரு பெட்டகத்துக்குள்,
ஆகஸ்ட் வரை.
அதற்குள் இருபத்து நான்கும்
மெல்லிய சீவல்களாகியிருக்கும்.
அதற்கும் நான்தான் தூக்கிக்கொண்டுபோய்க் கொடுப்பேன்.

நேற்று மாலை பதினேழாம் எண்.
(எங்கள் கினியேலா லாட்டரியில்
பதினேழுக்குப் பெயர் கேடு.)
தூக்கினேன், திருப்பினேன், விரலை வைத்தேன்.
திராட்சை இல்லை.
கூண்டில் மரத்தூள்
ஒரு மூலையில் மட்டும் நனைந்திருந்தது.

சில எலிகளுக்கு இது தானாகவே திரும்பும்.
வெறும் ஜெல்லாகவும் இருக்கலாம்.
நோட்டில் ஒரு சொல் எழுதினேன்: காலி.
வில்மார் வாரம் ஒருமுறை குரல்செய்தி அனுப்புவான்,
குதிரைகள் எப்படி என்று எலிகளை விசாரிப்பான்.
நேற்றிரவும் கேட்டான்.
பதில் அனுப்பவில்லை.

இன்று காலை ஏழு.
மீண்டும் பதினேழு. அழுத்தத் தேவையில்லை.
ஆனாலும் கட்டைவிரல் அங்கேயே இருந்தது
கொஞ்ச நேரம்,
அந்தச் சின்ன வயிறு ஏறி இறங்க.