ஓடு

கழிவறைக்குப் பின்னால் ஒரு கைதான் நுழையும்.
கன்னம் தரையில் பதிய வெர்ன்,
வாயில் டார்ச்.
போன வார உறைபனியில் பிளாஸ்டிக் முழங்கை
மயிரிழை விரிந்துவிட்டதாம்.
வண்டியெல்லாம் ஈரக் கம்பள நாற்றம்.

எல்கோ தாண்டியதிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை.
நெவாடா வெயில் படியேறி வர
பம்ப் சுவிட்சில் என் விரல்.

"ஓடு" என்றான் உள்ளிருந்து.

ரீனோ பஸ் நாலு பத்துக்கு.
பெட்ரோல் ரசீதின் பின்பக்கம் எழுதி
சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.
இவனுக்கு எப்படி

"ஓடு, லோர்னா!"

டார்ச்சைத் துப்பினான்.
"போடு. சுவிட்சைப் போடு."

போட்டேன். குழாய் ஒரு தடவை இருமியது.
சொட்டுகிறதா?
இல்லை, என்றான். சற்றுப் பொறுத்து,
இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

மூன்றே முக்காலுக்கு
மூட்டில் சுற்றிய டிஷ்யூவைத்
தொட்டுப் பார்க்க
நானும் குனிந்தேன்.