இந்நிலைய எல்லைக்குள்

படந்தாலுமூடு தாண்டினால்
கடைப் பலகைகளில் எழுத்து வளையத் தொடங்கும்.
களியக்காவிளைச் சந்தையில் ஒரே தராசு
இரண்டு மொழியில் எடை சொல்லும்.
செக்போஸ்ட்டில் கோழி வண்டியை நிறுத்துவார்கள்,
ரப்பர் ஷீட்டை நிறுத்துவார்கள்.
ஒருவன் செய்தது மட்டும்
சட்டைப்பையில் கைவிட்டபடி
நடந்தே கடந்துவிடும்.

நான் ஸ்டேஷன் ரைட்டர். பதினோரு வருடமாக
இதே மேசையில் எழுதுகிறேன்:
மேற்படி நபர் மீது இந்நிலைய எல்லைக்குள்
குற்ற வழக்கு ஏதும் இல்லை.
வாங்கிப் போகிறவர்கள்
கடைசி இரண்டு சொல்லைத்தான் படிப்பார்கள்.
எல்லைக்குள் என்பதன் மேல்
எப்போதும் முத்திரை விழுந்துவிடும்.
வேண்டுமென்று இல்லை. தாளில் இடம் அவ்வளவுதான்.

ஏசுவடியான், வயது நாற்பத்திரண்டு,
பள்ளிக்கூட வேன் ஓட்ட.
பாஸ்போர்ட்டில் அவர் ஜே-யில் தொடங்குகிறார்,
லைசென்ஸில் ஒய்-யில்.
ஆதாரில் இ, நடுவே கூடுதலாக ஒரு ஏ:
ஏதோ கம்ப்யூட்டர் சென்டரின் மதியத் தூக்கம்.
அப்பா தேவசகாயம் ஒரு கார்டில் முழுசாய் இருக்கிறார்,
மற்றதில் புள்ளி வைத்த ஓரெழுத்து.
மூன்றையும் தட்டினேன்.
திரை மூன்று தடவையும் வெளுத்துக் காட்டியது.
பழைய ரிஜிஸ்டர்கள் ஒக்கிப் புயலில் நனைந்தவை,
அப்பளம்போல் ஒட்டிக் கிடக்கின்றன.
பிரித்தால் இரண்டு வருடம் ஒன்றாகக் கிழிந்து வரும்.

முத்திரை வைத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.
"ஒண்ணும் கெடைக்கல்லியா?"
இல்லை.
"நல்லா பாத்தியளா மேடம்?"

இப்படி யாரும் என்னிடம் கேட்டதில்லை.
பேனாவை மூடினேன், திறந்தேன்.

"பாறசாலையில எனக்க பேரு வேற.
பனவிளை வீட்டில் குஞ்ஞன்னு எழுதி வச்சினும்.
வக்கீலும் அப்படியே விட்டாரு.
கேஸு நம்பரு ஓர்மையில்ல.
ஓணத்துக்கு மின்னத்த நாளு.
டெம்போ. நான் குடிச்சிருந்தேன்.
பிள்ளைக்க கையில தும்பைப்பூ இருந்து.
நெய்யாற்றின்கரை கோர்ட்டு ரெண்டு வருசம் போட்டுது.
பூஜப்புரையில கெடந்தேன்.
வீட்டுல, துபாயின்னு நெனச்சினும்."

சுவரில் காலண்டர் ஃபேன் காற்றில் அடித்துக்கொண்டது.

"நீங்க கண்டுபிடிச்சு
இவனுக்குத் தர ஒக்காதுன்னு எழுதித் தந்தா
அவளுக்க கையில அதக் குடுக்கலாமுன்னு வந்தேன்.
எனக்க வாயால வருதில்ல."

வாயால் சொன்னது ரெக்கார்டு ஆகாது என்றேன்.
படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை.
எழுந்து போனார்,
நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டு.

யாரும் சொல்லாமலே பாறசாலைக்கு எழுதினேன்.
பஸ்ஸில் கால்மணி நேரம்.
பதில் வரப் பத்தொன்பது நாள்.
மலையாளம் எனக்குப் பேச வரும், வாசிக்க வராது.
கொல்லங்கோட்டுப் பையன், புதுப் போலீஸ்,
விரல் வைத்து வாசித்தான்:
ஏசுவடியான் என்று எவரும் இல்லை.
பனவிளை வீடு நான்கு உண்டு.
குஞ்ஞன் பதினேழு பேர்.
வருடமும் வழக்கு எண்ணும் குறிப்பிட்டு
மீண்டும் எழுதுக.

வருடம் கேட்க மறந்திருந்தேன்.
மறந்தேனா.

சான்றிதழ் என் டிராயரில் கிடக்கிறது,
அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.
தாளாளர் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்,
சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதானே மேடம் என்கிறார்.
தோவாளைப் பூ வண்டிகள் விடியுமுன்னே
எல்லை தாண்டிப் போகின்றன. அங்கே அத்தம் பிறந்தாயிற்று.

விண்ணப்பத்தில் இருந்த நம்பரை இன்று அழைத்தேன்.
ஒரு பெண் எடுத்தாள். பின்னால் குக்கர் விசில்.
"ஸ்டேஷனா? சர்ட்டிபிகேட் ரெடியா மேடம்?
நான் வந்து வாங்கட்டா?"

அவரே நேரில் வரணும் என்றேன்.
"ஏன், என்னவாம்?"

அவரே வரணும்.