மானநஷ்டம்

ப்யூஃபர்ட் ஹைவே சிக்னலில் நின்றுகொண்டிருந்தேன்.
பின்னால் வந்த, கூரை போடுகிறவர்களின் பிக்கப்
நிற்க மறந்தது.
அதன் ஏணிகள் மட்டும் முதலில் வந்து
என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தன.

யாருக்கும் காயமில்லை.
மூன்று வாரம் கழித்து வண்டி திரும்பி வந்தது,
புது பம்பர், புது டிக்கி,
சாம்பலோடு சாம்பல் சேர்ந்த இடம் தெரியவில்லை.
பூங்கோதை விரலால் தடவிப் பார்த்து
எந்த இடம் என்று என்னையே கேட்டாள்.

மாற்றிவிடலாம் என்று டுலூத் டீலரிடம் கொண்டுபோனேன்.
அவன் வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை.
திரையைத் திருப்பிக் காட்டினான்.
விபத்து: ஒன்று.
"பார்க்க ஒன்றுமில்லை சார்,
ஆனால் எழுதியிருக்கிறதே."
நாலாயிரம் குறைத்தான்.

அன்றிரவே பிக்கப்காரனின் காப்பீட்டுக் கம்பெனிக்கு எழுதினேன்:
தகரத்துக்குப் பணம் தந்துவிட்டீர்கள், நன்றி.
மானத்துக்கு?
அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல்
மதிப்பு என்று போட்டேன்.

கோர்ட்னி என்று ஒருத்தி பதில் அனுப்பினாள்.
விலையில் பத்தில் ஒன்று,
அடி நடுத்தரம் என்பதால் அதில் பாதி,
ஓடிய மைலுக்காக மறுபடி ஒரு வெட்டு.
ஆக எழுநூற்று முப்பத்தெட்டு டாலர்.
சில்லறைக்குப் பதில் மிட்டாய் தரும் கடைக்காரனைப் போல
சிரித்த முகமாய் ஒரு கடிதம்.

விடவில்லை.
முந்நூற்றைம்பது கொடுத்து
மதிப்பீடு எழுத ஓர் ஆளைப் பிடித்தேன்.
டயர் பள்ளம் வரை அளந்து பன்னிரண்டு பக்கம் எழுதினான்.
சாப்பாட்டு நேரத்தில், லேபின் பின்படிக்கட்டில் நின்று
பதினொரு முறை போன் செய்தேன்.
எட்டாவது முறை கோர்ட்னிக்கு ஜலதோஷம்.
பத்தாவது முறை சரியாகியிருந்தது.
பதினொன்றில், இரண்டாயிரத்து நூறு.
செக்கை ஃப்ரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டி
இரண்டு நாள் போக வரப் பார்த்தேன்.

அதோடு கொஞ்சம் சேர்த்து
பூங்கோதைக்கு ஒரு பழைய கொரோலா வாங்க
கிளார்க்ஸ்டன் போனோம்.
விற்பவள் பெயர் அல்மாஸ்.
ஏர்போர்ட்டில் சக்கர நாற்காலி தள்ளும் வேலை,
சீருடையோடு நின்றாள்.
விளக்கிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருந்தது வண்டி.

நான் சுற்றிக்கூட வரவில்லை.
போனைத் திருப்பிக் காட்டினேன்.
"பார்க்க ஒன்றுமில்லை,
ஆனால் எழுதியிருக்கிறதே."
அளவெடுத்துத் தைத்தது போல
என் வாய்க்குப் பொருந்தியது அவன் குரல்.

மான், என்றாள் அல்மாஸ்.
நாலு மணி ஷிஃப்டுக்குப் போகும்போது
இருட்டிலிருந்து குதித்தது.
காப்பீடு இல்லையா?
இருக்கிறது, நான் யாரையாவது இடித்தால் மட்டும்
கொடுக்கிற காப்பீடு. மலிவு.
"யாரிடம் போய்க் கேட்பது? காட்டிடமா?"

மான் நஷ்டம்
என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது.
பூங்கோதையிடம் சொன்னால் சிரித்திருப்பாள், வேறொரு நாள்.
அவள் பானெட்டை விரலால் தடவி
எந்த இடம் என்று
அல்மாஸைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆயிரத்து ஐந்நூறு குறைக்கச் சொன்னேன்.
ஆயிரத்து இருநூறு குறைத்தாள்.
மீதி முந்நூறை விட்டுக்கொடுத்ததை
பெருந்தன்மை என்று கொஞ்ச தூரம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

முன்னால் நான், பின்னால் பூங்கோதை.
சிவப்பு விழுந்ததும் கண்ணாடியில் பார்த்தேன்:
நடுவில் இன்னொரு வண்டி தாராளமாக நுழையும்
இடைவெளி விட்டு
நின்றிருந்தது கொரோலா.