பொதுவில் ஒரு வெள்ளைக் கம்பி

ஹான்காக்கில் பிப்ரவரி.
ஐலா மாட்டிலாவின் கதவை எட்ட
பனியை வெட்டித்தான் போனேன்.
பேனாவில் மை உறைந்துவிட்டது; பென்சில் இருந்தது.
நகராட்சி மின் ஆய்வாளருக்கு அது போதும்.

"ரேடியோ புகைந்து செத்தது,
டோஸ்டர் வெதுவெதுப்போடு சரி.
ரெண்டும் ஒரே காலையில்" என்றாள்.
எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.
ஆனாலும் பார்க்காமல் எழுதக்கூடாது.

நிலவறையில் பேனல்.
கறுப்பு ஒன்று, சிவப்பு ஒன்று,
இரண்டுக்கும் திரும்பிவர ஒரே வெள்ளை.
குற்றமில்லை, சட்டம் இதற்கு இடம் தருகிறது.
எதிரெதிர்ப் பக்கத்தில் நின்றால்
வெள்ளை சுமப்பது மிச்சத்தை மட்டும்:
பத்தில் எட்டு போனால் இரண்டு.
ஒரே பக்கத்தில் மாட்டிவிட்டாலோ
பத்தும் எட்டும் பதினெட்டு.
சுவருக்குள் கம்பி கொதிக்கும்,
பிரேக்கர் கண்ணுக்கே படாது.

இங்கே பக்கங்கள் சரி.
தப்பு, தொட்டிக்குப் பின்னால் இருந்த பிளக் பாயின்ட்டில்.
மருமகன் ஆர்வோ புதிதாக மாற்றியிருக்கிறான்.
வெள்ளை அந்தப் பாயின்ட்டின் திருகாணிகள் வழியே
அடுத்ததற்குப் போய்க்கொண்டிருந்தது.
ஒரு திருகாணி இறுகவில்லை.
அவ்வளவுதான்.

வெள்ளை விட்டுப்போனால்
இருநூற்று நாற்பது வோல்ட்டை
இரு கருவிகளும் தங்களுக்குள் பாகம் பிரிக்கும்.
நிறையத் தின்னும் டோஸ்டருக்குக் கொஞ்சம்,
கொஞ்சம் தின்னும் ரேடியோவுக்கு
கொள்ளாத அளவு.
எந்த நீதிமன்றத்தில் போய்ச் சொல்வது?

ஆர்வோ கட்டைவிரலைக் காட்டினான், நுனி வெளுத்திருந்தது.
"கறுப்பை அணைத்துவிட்டுத்தானே தொட்டேன்.
வெள்ளை எப்படிக் கடிக்கும்?"
சிவப்பு வீடு திரும்பும் வழியில்
நீ குறுக்கே கை வைத்தாய், தம்பி.

எழுதினேன்:
பெட்டிக்குள் வெள்ளைகளை ஒன்றாக முறுக்கிக் கட்டி
பாயின்ட்டுக்கு ஒரு வால் மட்டும் விடுக.
பாயின்ட்டைக் கழற்றினாலும் வெள்ளை அறக்கூடாது.
பேனலில் ஜோடி எதுவென்று தெரியும்படி
மூன்றையும் ஒரே கட்டாகக் கட்டுக.
இரு பிரேக்கர்களின் பிடிகளையும் இணைக்க,
ஒன்று விழுந்தால் மற்றதும் விழவேண்டும்.
ரேடியோவுக்கு அந்தப் படிவத்தில் கட்டமில்லை.

பதினோரு நாள் கழித்து மறுபடி போனேன்.
பனி ஜன்னல்வரை ஏறியிருந்தது.
ஆர்வோ ஒரே பிடியைத்தான் கீழே தள்ளினான்.
மேலே ஃப்ரிட்ஜின் முனகல் நின்றது,
அடுப்பு மேடை விளக்கு போனது.
"இப்போ எது?" ஐலாவின் குரல் படியிறங்கி வந்தது.

"ரெண்டும்!" என்றான் ஆர்வோ,
விரலை ஊதிக்கொண்டே.