கனைப்பு

பகாவ் சந்தைக்குப் பின்னால் மூன்றாவது பட்டறை.
ஹைலக்ஸைத் தூக்கி நிறுத்தி
டார்ச் அடித்துக் காட்டினான் ஆ கெங்.
சைலன்சர் வயிற்றில் கைவிரல் நுழையும் ஓட்டைகள்,
தோட்டத்துச் செம்மண்ணும் மழையும்
பதினோரு வருஷம் தின்றுபோக மிச்சம்.

மூன்று குழாய்களைத் தரையில் கிடத்தினான்,
மீன்கடைக்காரன் கிடத்துவதுபோல.

ஒன்று சாதா இரும்பு. முந்நூற்று எண்பது வெள்ளி.
இரண்டு மழைக்காலம் தாங்கினால் அதிர்ஷ்டம்.
ஒன்று ஸ்டெயின்லெஸ், நடுவில் பெரிய பெட்டி வைத்தது;
குனிந்தேன், என் முகம் நீளமாகத் தெரிந்தது.
மூன்றாவது வெறும் நேர்க்குழாய்.
இந்தப் பக்கம் கண்ணை வைத்தால்
அந்தப் பக்கம் ஆ கெங்கின் சிலிப்பர்.

பட்டறைப் பையன் யுகேந்திரன்
அதைத்தான் தடவிக்கொண்டே இருந்தான்.
"இத போடுங்கக்கா. ரொம்பின்ல மிதிச்சா பகாவ்ல கேக்கும்."
"ஜேபிஜேகாரனுக்கும் கேக்கும்" என்றேன்.

கேட்கிறதுதான் என் வியாதியே.
வண்டி நிறைய ரைஸ்குக்கர், மெத்தை, சேலை, குவாலி.
மாதம் முப்பது, நாற்பது என்று தவணை,
நீல அட்டை நோட்டில் பெயர்வாரியாக.
ஆறாம் கட்டைப் பாலத்தில் நான் ஏறும்போதே
லயத்துக்குத் தகவல் போய்விடும்.
டிவி அணையும். கதவு சாத்தும்.
கொடியில் ஈரத்துணி சொட்டும்,
வாசலில் நாலு ஜோடி செருப்பு,
கருவாட்டுக் குழம்பு கொதிக்கிற வாசம்,
வீட்டில் ஆள் மட்டும் இருக்காது.

"ஆகச் சத்தமில்லாதது எது?" என்றேன்.
ஆ கெங் துணியில் கை துடைப்பதை நிறுத்தினான்.
இந்த ஊரில் யாரும் அவனை அப்படிக் கேட்டதில்லையாம்.
ஸ்டெயின்லெஸ், பெரிய பெட்டி,
ஆயிரத்து நூறு சொன்னான்.
தொள்ளாயிரமும் ஒரு பிரஷர் குக்கரும்
என்று முடிந்தது.

சனிக்கிழமை சாயந்திரம்.
பாலத்தில் எனக்கே சந்தேகம், எஞ்சின் ஓடுகிறதா என்று.
செம்பனை மட்டை உரசுவது கேட்டது.
நாய்கள்கூட எழவில்லை.

வாசலில் உட்கார்ந்து மல்லேஸ்வரி
என்னிடம் வாங்கிய ரைஸ்குக்கரை
பக்கத்து வீட்டுக்காரிக்கு விற்றுக்கொண்டிருந்தாள்.
இன்னும் நாலு தவணை பாக்கி.
அறுபது வெள்ளி கை மாறும் நேரம்,
நான்.

நீட்டிய கை நீட்டியபடி.
உள்ளங்கையில் பேனாவால் ஒரு எண், முப்பத்து நாலு.
பத்து வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த சொற்கள்,
எல்லாக் கதவுகளுக்குமாகச் சேர்த்தவை,
ஒன்றும் வாயில் இல்லை.
என் கண்ணை எங்கே வைப்பதென்று
எனக்குத் தெரியவில்லை.
"பாதை மாறி வந்துட்டேன்" என்றேன்,
ஒரே பாதை உள்ள தோட்டத்தில்.
ரிவர்ஸ் எடுத்தேன். அதுவும் சத்தமில்லாமல் போனது.

முப்பத்து நாலு, பள்ளிக்கூடச் சப்பாத்து அளவு.
பாலம் தாண்டித்தான் உறைத்தது.

அடுத்த வீட்டுக்குள் போகுமுன்
வாசலில் நின்று கனைக்கிறோம்.
உள்ளே யாரோ சேலையைச் சரிசெய்ய,
அழுதிருந்தால் முகம் துடைக்க.
அந்த ஓட்டைச் சைலன்சர்
எனக்குத் தெரியாமலே
எனக்காக அதைச் செய்துவந்திருக்கிறது.

திங்கட்கிழமை என்னைக் கண்டதும்
ஆ கெங் முந்திக்கொண்டான்:
"குக்கர் திருப்பித் தர முடியாது, பெண்டாட்டி சமைச்சிட்டா."
"குக்கர் இருக்கட்டும். கொஞ்சம் சத்தம் வேணும்."
யுகேந்திரன் ஓடிப்போய் நேர்க்குழாயைத் தூக்கினான்.
அது வேண்டாம் என்று கை காட்டினேன்.

"அப்ப எவ்வளவு சத்தம்?"

எப்படிச் சொல்வது. டெசிபல் கணக்கு எனக்கு வராது.
"பாலத்துல நான் ஏறினா லயத்துல கேக்கணும்.
நான் வந்து நிக்கிறதுக்குள்ள
ஒரு பொம்பள கதவச் சாத்திக்கணும்."

அவன் சிரிக்கவில்லை.
துரப்பண முனைகளை
மேசையில் கொட்டி,
ஒவ்வொன்றாக
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.