எடை தாங்குதல்

துலூத் நகரத்து நிலவறையில்
ஏப்ரலிலும் ஈரம்.
போன குளிரில் அடித்த பைன் சட்டம்
கயிறாய் முறுக்கிக்கொள்ள
மூன்றாம் வளைவில் குப்புற விழுந்தது
சரக்கு வண்டி.

இம்முறை ஆர்டிஸ் ஹாகன்
ஒற்றைக் கண் மூடி
ஒவ்வொரு பலகையாய்ப் பார்த்தாள்.
ஓரத்தில் பொந்தில்லாத பிளைவுட்,
நாலு விரற்கடை அகலத்துக்கு
அறுத்துத் தரச் சொன்னாள்.
ஆணி வேண்டாம், திருகாணி.

"எஞ்சின் ஒரு பவுண்டுகூட இல்லையே,
பாலமா கட்டுகிறாய்?"
சிரித்தான் கடைக்கார லைல்.
மரத்தூளைத் தட்டிவிட்டுப்
பணத்தை எண்ணிக் கொடுத்தாள்.

இரவு
வெறும் சட்டகத்தின் மேல் ஏறி நின்று
குதிகாலால் ஓங்கி ஒரு தட்டு.
மரம் முனகவில்லை.

தடம் புரண்டதை எடுக்க
நடுச்சாமத்தில் எட்டிச் சாய்வது
ரயிலா என்ன,
நானும் நீயும்தானே
என்றாள்
பின்னாலேயே தாவி ஏறிய பூனையிடம்.