முப்பத்தொரு டாலர்

எல்கோவில் பனி.
எண்பதாம் நெடுஞ்சாலையை மாலை ஐந்துக்கே மூடிவிட்டார்கள்.
சுரங்கத்தில் இரவு ஷிஃப்ட் ரத்து.
மோட்டலை ஒட்டிய சீட்டறையில்
ஒரே ஒரு மேசை ஓடுகிறது.
சீட்டுப் போடும் கோரலீயின் கட்டைவிரலில்
அழுக்கேறிய பிளாஸ்டர்.

எனக்கு வந்தது ஒரு ஜோடி நாலு.
கிளாவரும் டைமனும்.

சின்ன ஜோடி ஆடுகிற சீட்டு இல்லை,
காத்திருக்கிற சீட்டு.
எட்டு முறை காசு கொடுத்து உள்ளே போனால்
ஏழு முறை வெறுங்கையோடு வெளியே வரலாம்.
எட்டாவது முறை
மூன்றாவது நாலு மேசையில் வந்து விழும்.
அன்றைக்கு எதிரே இருப்பவன்
அந்த ஏழுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.
கொடுக்க அவனிடம் இருக்க வேண்டும்.
சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

பெயோ எத்செகராயிடம் இருந்தது.
செம்மறிகளை விற்ற வாரம்;
அறுநூறு டாலருக்கு மேல், மூன்று அடுக்காக.
ஆறு வைத்தான்.
நானும் ஆறு வைத்தேன்,
சீட்டைப் பார்த்தல்ல, அந்த அடுக்குகளைப் பார்த்து.
மூலையில் இருந்தவரைக்
கணக்கிலேயே சேர்க்கவில்லை.

அது என் பிழை.

மூலையில் லாயல் பிங்கம்.
ஆக்டனிலிருந்து வெங்காயம் ஏற்றி வந்தவர்.
சரக்கு உறைந்துவிடக் கூடாதென்று
வெளியே அவருடைய லாரி
யாருமில்லாமல் உறுமிக்கொண்டிருக்கிறது.
முன்னால் இருந்தது முப்பத்தொரு டாலர்.
முன்னங்கையால் அப்படியே நடுவுக்குத் தள்ளினார்,
சிந்திய காப்பியை வழிப்பதுபோல.

பெயோ கொட்டாவி விட்டபடி
சீட்டைக் கவிழ்த்து எறிந்தான்.
அறுநூறும் அவனோடு எழுந்து போனது.

மிச்சம் நானும் அவரும்.
இன்னும் இருபத்தைந்து கொடுத்தால்
நடுவில் கிடக்கும் நாற்பத்து நாலுக்குப் போட்டி.
அவரிடம் இரண்டு பெரிய சீட்டு என்றால்
நாணயத்தைச் சுண்டுவதுதான், என் பக்கம் ஒரு மயிரிழை கூடுதல்.
பெரிய ஜோடி என்றால்
ஐந்தில் நாலு முறை நான் காலி.
கணக்கு "கொடு" என்றது.
கணக்குக்கு முகம் கிடையாது, வெங்காயமும் கிடையாது.
கொடுத்தேன்.

ராஜா. நாலு. ஒன்பது.

வந்தேவிட்டது.
எட்டில் ஒன்று, இத்தனை இரவு நான் காத்திருந்தது,
காசில்லாதவர் முன்னால் வந்து நின்றது,
கடை சாத்தின பிறகு கதவைத் தட்டும் மழைபோல.
பெயோ மேசையைக் குத்தினான்:
"ராஜாவை எறிந்தேனே!"
அந்த ராஜாவோடு அவன் இருந்திருந்தால்
ஒரு அடுக்கையாவது என் பக்கம் நகர்த்தியிருப்பேன்.

பிறகு ஒரு ரெண்டு.
பிறகு, கடைசியாக, ஏஸ்.

லாயல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.
ஏஸும் ஒன்பதும் காட்டினார். இரண்டு ஜோடி.
அன்று மாலை முதன்முறையாகச் சிரித்தார்,
கடைவாயில் ஒரு பல் இல்லை.
நான் நாலுகளைத் திருப்பிப் போட
எவ்வளவு நேரம் எடுத்தேன்?
மூன்று நொடி இருக்கும்.
அந்த மூன்று நொடியும் அவருடைய சிரிப்பு
மேசைமேல் கிடந்தது, எடுத்துக்கொள்ள ஆளில்லாமல்.

"மூணு நாலா" என்றார். அவ்வளவுதான்.
சட்டைப்பையைத் தடவினார், கையை வெறுமனே எடுத்தார்.
சாலை எப்போது திறக்கும் என்று கோரலீயிடம் கேட்டார்.
விடிந்த பிறகுதான் என்றாள்.
தொப்பியை வைத்துக்கொண்டு
இஞ்சின் சத்தத்தை நோக்கி நடந்தார்.
கதவு திறந்த இடைவெளியில்
கொஞ்சம் பனி உள்ளே வந்து கம்பளத்தில் கரைந்தது.

அவருடைய சில்லுகளை என்னுடையதோடு கலக்காமல்
தனியே வைத்திருந்தேன், ஏனென்று தெரியாது.
கோரலீக்கு மூன்றைக் கொடுத்தேன்.

அந்த நாற்காலியில் வேறொருவன் வந்தான்,
பனிவண்டி ஓட்டுகிறவனாம், நாற்பது டாலரோடு.
அடுத்த ஆட்டத்தில் எனக்கு ஜோடி ஐந்து.
அவன் நாற்பதையும் தள்ளினான்.
எறிந்துவிட்டேன். கணக்குப் போடவே இல்லை.

மேசையில் ஐந்து விழுந்ததா என்று பார்க்கவில்லை.

பார்த்தேன்.
விழவில்லை.